ஐம்பத்தொரு சென்டிமீட்டர் மழையும் ஐந்து மாதக் கூலியும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்று சொல்வதுகூடப் பிழைதான். கரையேறிய பின் நகர மனமில்லாமல் பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை வரையான இருபத்துநான்கு மணி நேரத்தில் மயிலத்தில் பதிவான மழை 51 சென்டிமீட்டர். அன்று தமிழ்நாட்டில் வேறெங்கும் அவ்வளவு பெய்யவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு மட்டுமே வெளியூரார் நாவில் வரும் எங்கள் மயிலத்தின் பெயரை, அன்று எல்லாத் தொலைக்காட்சிகளும் நாள் முழுக்க உச்சரித்தன. கூட்டேரிப்பட்டில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமென்று தெரியாதவர்களும் மயிலத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். மழையைப் பற்றி இந்த அளவுக்குத் துல்லியமாக ஒரு தேசம் கணக்கு வைத்திருப்பது நல்ல செய்தி. அதே வாரத்தில் அத்தேசம் வேறொரு கணக்கைத் தவறவிட்டது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

மயிலத்தை அடுத்த சிற்றூர் நம்முடையது. நம் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு வயது அறுபத்தேழு. கணவர் இல்லை, மகன் குடும்பத்தோடு செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறான். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், சேறு படிந்த வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர், வங்கிப் புத்தகத்தை முந்தானையில் துடைத்து நம்மிடம் நீட்டினார்.

"ஏரி வேல காசு ஏறிச்சான்னு அந்த போன்ல பாரு தம்பி."

பார்த்தோம். ஏறவில்லை. அடுத்த வாரமும் ஏறவில்லை. பொங்கலுக்கும் ஏறவில்லை.

*

நூறு நாள் வேலைக்கும் நம் மாவட்டத்துக்கும் தொடக்கத்திலிருந்தே உறவு உண்டு. தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. 2006 பிப்ரவரி 2ஆம் நாள், ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்துப் பண்ட்லப்பள்ளி என்னும் சிற்றூரில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுத்த 200 மாவட்டங்களில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை ஆறு: விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. 'மிகப் பின்தங்கியவை' என்னும் பட்டியலில் இடம்பிடித்ததால் வந்த பெருமை அது. இருந்தும், முதல் வேலை அட்டை ஊருக்குள் வந்த நாளை நம் தெருப் பெண்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தம் பெயரில், தம் புகைப்படத்தோடு, அரசு முத்திரை குத்திய காகிதம் ஒன்று அவர்களில் பலருக்கு அதுவே முதன்முறை.

அன்றைய நாட்கூலி 80 ரூபாய். அளந்து போட்டதில் அறுபதும் எழுபதுமாகக் குறைந்தது என்பது வேறு. ஏரிக்கரையில் புளிய மரத்தடியில், வாரத்துக்கு ஒருநாள், பெயரைச் சத்தமாக வாசித்து ரொக்கமாகக் கொடுத்தார்கள். வாசிக்கும்போது, வேலைக்கு வராத ஒருவரின் பெயர் வந்தால் கூட்டத்தில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்புதான் அன்று தணிக்கை. அதையும் மீறித் திருட்டு நடந்தது. நடக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் திருடியவர் யாரென்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தேவைப்படுகிறது. நாம் முற்போக்கு இலக்கியம் படித்து வளர்ந்தவர்கள். சிறுபத்திரிகைகளுக்குச் சந்தா கட்டியவர்கள். நிலமற்றவர்களைப் பற்றிய கதைகளைப் படித்துக் கண் கலங்கியவர்கள். அதே நாம், நம் வீட்டு இரண்டு ஏக்கரில் களையெடுக்க ஆள் கிடைக்காத கார்த்திகை மாதங்களில், திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசினோம் என்பது நமக்குத்தான் தெரியும். "நூறு நாள் வேலை வந்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டது" என்றோம். "மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசக் காசு" என்றோம். நாற்பது ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் நம் வயலில் குனிந்து நின்ற பெண்களுக்கு, வேண்டாமென்று சொல்ல முதன்முறையாக ஓர் இடம் கிடைத்திருந்தது. நம்மை உறுத்தியது அதுதான். அதை உணர நமக்குப் பத்தாண்டுகள் ஆயின.

2015 பிப்ரவரியில் பிரதமர் மோடி மக்களவையில், இத்திட்டத்தைக் காங்கிரசின் தோல்விகளுக்கு நினைவுச்சின்னமாகவே தொடர்ந்து வைத்திருப்பேன் என்ற பொருளில் பேசினார். நாம் அவருக்கு வாக்களித்தவர்களில்லை. ஆயினும், அந்தப் பேச்சில் இருந்த ஏளனம் நம் திண்ணையில் இருந்த ஏளனத்துக்குத் தூரத்து உறவு என்பதை மறுக்க முடியவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கில் நகரங்கள் துரத்திவிட்ட மக்களுக்கு, அந்த நினைவுச்சின்னம்தான் சோறு போட்டது. அவ்வாண்டு ஒன்றிய அரசே 61,500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டின் மேல் மேலும் 40,000 கோடி சேர்க்க வேண்டியிருந்தது.

*

நிற்க. கூலிக்கு வருவோம்.

பணித்தாள் முடிந்த பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும் என்றது சட்டம். பதினாறாம் நாளிலிருந்து, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவைத் தொகையில் 0.05 விழுக்காடு இழப்பீடு தர வேண்டும் என்றது அதன் அட்டவணை. பெரியம்மாவுக்கு வரவேண்டியது ஏறத்தாழ 5,000 ரூபாய். அதற்கு நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய். நூறு நாள் தாமதமென்றால் 250 ரூபாய். தேநீர்க்கடையில் ஒரு நாளைக்கு நாம் செலவழிப்பதைவிடக் குறைவான இந்த இரண்டரை ரூபாயிலும் ஒரு கொள்கை இருந்தது: ஏழையின் காசை வைத்திருப்பவர் வட்டி கட்ட வேண்டும். 2018 மே மாதம் 'ஸ்வராஜ் அபியான்' வழக்கில், பணம் எந்தக் கட்டத்தில் தேங்கினாலும் இழப்பீட்டிலிருந்து ஒன்றிய அரசு நழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. நம் தெருவில் அந்த இரண்டரை ரூபாயைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை.

2024 நவம்பர் இறுதியிலிருந்து தமிழ்நாட்டுக்கான கூலி நிதி வரவில்லை. புயல் வந்ததும் அதே வாரத்தில்தான். ஜனவரி தொடக்கத்தில் நிலுவை 1,056 கோடி ரூபாய் என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டுக்கு ஒப்புதல் தரப்பட்ட 20 கோடி மனித நாள்கள் தீர்ந்துபோய், அதற்கு மேலும் வேலை நடந்திருந்தது. மார்ச்சில் நிலுவை 4,034 கோடி ஆகிவிட்டது. 'ஐந்து மாதக் கூலி' என்ற முழக்கத்தோடு மார்ச் 29இல் ஆளுங்கட்சியான திமுக ஒன்றியந்தோறும் ஆர்ப்பாட்டம் நடத்தியது.

அந்த வாரத்தில் மக்களவையில் ஒன்றிய ஊரக வளர்ச்சித் துறை இணையமைச்சர் தந்த பதில் கவனிக்கத்தக்கது. ஏழு கோடி மக்கள்தொகை கொண்ட தமிழ்நாட்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் போகிறது, இருபது கோடி மக்கள் கொண்ட உத்தரப்பிரதேசத்துக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்றார். கேட்டவுடன் நியாயம்போலத் தோன்றும் கணக்கு. ஆனால் இது தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கும் திட்டமாக இருக்கவில்லை. வேலை கேட்டவருக்கு வேலை, செய்தவருக்குக் கூலி என்பதே அச்சட்டத்தின் உயிர். உத்தரப்பிரதேசத்துப் பெண் வேலை கேட்க முடியாமல் போனது அங்குள்ள அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மயிலத்துப் பெண் மண் சுமந்து முடித்துவிட்ட பிறகு அதைக் காரணம் காட்டிக் கூலியை நிறுத்திவைக்க முடியுமா?

மழைக்கணக்கையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். வெள்ள நிவாரணத்துக்கு மாநில அரசு உடனடியாகக் கேட்டது 2,000 கோடி. டிசம்பர் 6ஆம் நாள் ஒன்றிய அரசு 944.80 கோடி விடுவித்தது. தலைப்புச் செய்திகளில் அது புயலுக்குக் கிடைத்த உதவியாகக் காட்சியளித்தது. உண்மையில் அது மாநிலப் பேரிடர் நிதிக்கு அவ்வாண்டு எப்படியும் தரவேண்டியிருந்த ஒன்றிய அரசின் பங்கு. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 522.34 கோடிக்கு ஒப்புதல் வந்தது 2025 ஏப்ரலில். உரிமையாக வரவேண்டியதைக் கொடையாகக் காட்டும் இந்தப் பழக்கம் டெல்லிக்கு மட்டும் உரியதன்று. சென்னையும் அதில் சளைத்ததில்லை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது, தென்பெண்ணைக் கரை மக்களுக்கு எப்போது, எப்படி எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது என்னும் கேள்விக்கு, அந்த மக்கள் ஏற்றுக்கொள்ளும் பதிலை மாநில அரசு தரவில்லை. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் தந்தது. மறுநாள் இருவேல்பட்டில், பார்வையிடப் போன அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. கணக்குக் கேட்க இடமில்லாதவன் கையில் அகப்படுவது சேறு என்று மட்டும் குறித்து வைக்கிறோம்.

*

2025 ஜனவரி 26ஆம் நாள் கிராம சபைக்குப் போனோம். ஐம்பது வயதைக் கடந்த நாம் கிராம சபையில் முழுநேரம் உட்கார்ந்தது அதுவே முதல்முறை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைவர் வரவு செலவு வாசித்தார். பெண்கள் கூலியைப் பற்றிக் கேட்டார்கள். "மேலேயிருந்து வரணும்மா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஊராட்சிக்கு மேலே ஒன்றியம், அதற்கு மேலே மாவட்டம், அதற்கு மேலே சென்னை, அதற்கு மேலே டெல்லி. சென்னையிலிருப்பவரைக் கேட்டால் மேலே என்கிறார். டெல்லியிலிருப்பவரைக் கேட்டால் கீழே கணக்குச் சரியில்லை என்கிறார். பெரியம்மா நம்மைத் திரும்பிப் பார்த்து மெல்லக் கேட்டார்:

"மேலன்னா எங்க தம்பி? மலைமேலயா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மலைமேல் இருக்கும் முருகனிடமாவது நேரில் போய் முறையிட்டுவிட்டு வரலாம்.

இந்த இடத்தில் ராஜஸ்தானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1994 டிசம்பர் 2ஆம் நாள் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் தன் முதல் பொது விசாரணையை நடத்தியது. அங்கே படிக்கப்பட்டது தத்துவமோ அறிக்கையோ இல்லை. வேலைத்தளத்து வருகைப் பதிவேடு. செத்துப்போனவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் அதில் மண் சுமந்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கணக்கை உடைத்தார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்ததற்கு வித்திட்டவற்றுள் அந்தப் பதிவேடு முக்கியமானது. 1997இலேயே அப்படியொரு சட்டத்தை இயற்றி முந்திக்கொண்ட மாநிலம் நம்முடையது. ஆயினும் விதிவிலக்குகள் மலிந்த அச்சட்டம் மக்கள் கைக்கு வரவேயில்லை. கேட்பவர் இருந்தால்தான் சட்டத்துக்கு உயிர் என்பதற்கு ராஜஸ்தானும் நாமும் இரு எடுத்துக்காட்டுகள்.

கணக்கை ஊழலிலிருந்து காப்பாற்றவே எல்லாம் கணினிக்குப் போயிற்று. 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவு கைப்பேசிச் செயலி வழியாக. 2024 ஜனவரி முதல் கூலி ஆதார் இணைப்பின் வழியாக. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. விளைவைப் பாருங்கள். தொடர்பில்லாத படங்களும், படத்தைப் படமெடுத்த படங்களும் செயலியில் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. திருட்டு ஒழியவில்லை, புளிய மரத்தடிச் சிரிப்புதான் ஒழிந்தது. பதிவேடு இப்போது எல்லோரும் பார்க்கத்தக்கதாக இணையத்தில் இருக்கிறது. யாருடைய பெயர்கள் அதிலிருக்கின்றனவோ அவர்களால் மட்டும் அதைப் பார்க்க முடிவதில்லை.

முறைகேட்டைக் காரணம் காட்டி 2022 மார்ச்சில் மேற்கு வங்கத்துக்கு நிதி நிறுத்தப்பட்டதை வாசகர்கள் அறிவர். திருடியவர்கள் தண்டிக்கப்பட்டார்களோ இல்லையோ, உழைத்தவர்கள் மூன்றாண்டுகளுக்கு மேல் வேலையும் கூலியும் இன்றி இருந்தார்கள். 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் திட்டத்தை மீண்டும் தொடங்கச் சொன்னது; அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வீட்டில் திருடு போனால் திருடனைத் தேடுவார்கள். இங்கே வீட்டுக்காரனைப் பட்டினி போட்டார்கள்.

*

2025 கோடையில் பணம் வந்தது. தமிழ்நாட்டுக்கு 2,999 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டதாகச் செய்தி. பெரியம்மாவின் கணக்கில் இரண்டு தவணையாக ஏறியிருந்தது. தொகையைச் சொன்னோம். அவர் மகிழ்வாரென்று எதிர்பார்த்தோம். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"இது எத்தினி நாளுக்குத் தம்பி?"

நம்மால் சொல்ல முடியவில்லை. அவர் எத்தனை நாள் போனார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆறு மாதம் ஆகிவிட்டது. எந்த வாரத்துக்கு எவ்வளவு என்று வங்கிப் புத்தகத்தில் இல்லை. தாமதம் கூலியை மட்டும் தின்பதில்லை, நினைவையும் தின்றுவிடுகிறது. எத்தனை நாள் உழைத்தோம் என்பதே மறந்துபோன ஒருவர், குறைத்துக் கொடுத்துவிட்டாய் என்று எப்படி வழக்குப் பேசுவார்? அரசுகள் இதைத் திட்டமிட்டுச் செய்வதாக நாம் நினைக்கவில்லை. திட்டமிடாமலே இது அவற்றுக்கு வாய்த்துவிடுகிறது.

அன்று மாலை திண்டிவனம் போய் நீளக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தோம். தெருவில் வேலைக்குப் போகும் பதினொரு பெண்களின் பெயரை எழுதினோம். நாள், இடம், எடுத்த வேலை. மாலையில் திரும்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள், எழுதிக்கொள்வோம். கரிசனத்தோடு கதை எழுத முயன்று தோற்ற நம் கைக்கு இவ்வேலை நன்றாகவே வருகிறது. ஆகஸ்டு 15 கிராம சபையில் அந்த நோட்டைச் சத்தமாக வாசித்தோம். இரண்டு பேருக்கு நாள்கள் குறைந்திருந்தன. பணித்தளப் பொறுப்பாளர் தம் கைப்பேசியைப் பார்த்து ஒருவருடையதைத் தவறென்று ஒப்புக்கொண்டார். மற்றவருடையதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணுக்கு நான்கு நாள் கூலி திரும்பக் கிடைத்தது. இருபது ஆண்டு முற்போக்கு வாசிப்பின் நிகர விளைவு இதுதானா என்று கேட்டால், இதுதான்.

டிசம்பரில் அந்தச் சட்டமே போயிற்று. அதனிடத்தில் 'விபி – ஜி ராம் ஜி' என்று சுருக்கி அழைக்கப்படும் புதிய சட்டம் மூன்றே நாள்களில் இரு அவைகளையும் கடந்து, 2025 டிசம்பர் 21இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நூறு நாள் 125 நாளாகிறது என்பது அதன் முகப்பு. உள்ளே போனால், முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஏற்றிருந்த ஒன்றிய அரசு இனி பெரும்பாலான மாநிலங்களில் 60 விழுக்காடு மட்டுமே ஏற்கும். மாநிலத்துக்கு இவ்வளவு என்ற வரம்பையும் அதுவே முடிவு செய்யும். மிஞ்சினால் மாநிலத்தின் பொறுப்பு. கேட்டவருக்கு வேலை என்பது, ஒதுக்கியது உள்ளவரை வேலை என்று சுருங்கும் அபாயம் இங்கே இருக்கிறது. காந்தியின் பெயரை எடுத்ததைப் பற்றி நிறையக் கூச்சல் எழுந்தது. பெரியம்மா அதை ஏரி வேலை என்றுதான் எப்போதும் சொல்லிவந்தார்.

அச்சட்டத்தில் நம்மைச் சுட்ட இடம் வேறொன்று. விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில், ஆண்டுக்கு 60 நாள் இவ்வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. வயல்களுக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம். படித்தபோது, பழைய கார்த்திகை மாதத்து நம் வீட்டுத் திண்ணை கண்முன் வந்தது. அன்று நாம் அலுத்துப் பேசியதை டெல்லி இருபது ஆண்டு கழித்துச் சட்டத்தின் பிரிவாக எழுதியிருக்கிறது. நம்மைப்போல் எத்தனை திண்ணைகள் பேசியிருந்தால் அது அவ்வளவு தூரம் கேட்டிருக்கும்! அரசைக் கணக்குக் கேட்கப் புறப்படுகிறவன் முதலில் தன் பேரிலுள்ள பற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நோட்டில் பாதிப் பக்கம் மிச்சமிருக்கிறது. எந்தச் சட்டமானாலும், எந்தப் பெயரானாலும், மண் சுமந்த நாள் மண் சுமந்த நாள்தானே. பெரியம்மா மாலையில் வாசலில் நின்று, "இன்னிக்கிப் போட்டுக்க தம்பி" என்பார். போட்டுக்கொள்வோம். மயிலத்தில் பெய்த மழையைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து வைக்கத் தெரிந்த நாட்டில், அவர் உழைத்த நாள்களையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.